உங்களுக்குத் தெரியுமா? காற்றாலைக்கு நடுவே பூநாரை

● ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் வருபவர்களுக்கு பளையில் தெரியும் காற்றாலைகள் 2014இன் கடைசியில் சுழலத் தொடங்கியவை. கடனீரேரிக் கரையில், புலோப்பளைப் பக்கம் மொத்தம் 16 நிற்கின்றன. நிர்வாகக் கணக்கில் கிளிநொச்சி மாவட்டம், நிலத்தால் குடாநாடு. பறவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

● பெரிய காற்றாலை தூரத்தில் இருந்து பார்க்கச் சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரியும். ஆனால் இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீற்றரையும் தாண்டும். கிட்ட வரும் பறவையின் கண்ணுக்கு அந்த நுனி மங்கிக் கலங்கி, ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. போதாததற்கு, பல பறவைகளுக்குக் கண் தலையின் இரு பக்கமும்தான். இரை தேடித் தலையைக் குனிந்து பறந்தால் எதிரே இருப்பது தெரியவே தெரியாது.

● நோர்வேயின் ஸ்மோலா தீவில் சில காற்றாலைகளில் மூன்று இறக்கையில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு மை பூசிப் பார்த்தார்கள். பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்ததாக 2020இல் ஆய்வு வெளியானது. சோதித்தது நான்கே நான்கு காற்றாலைகளில். அதனால் ‘மை பூசினால் எல்லாம் சரி’ என்று எவராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

● கோயில் கோபுரத்திலும் பழைய கல்வீட்டு முகட்டிலும் தொங்கும் சிறு வௌவால்கள் பூச்சி பிடிக்க விரும்புவது காற்று அடங்கிய இரவுகளை. அந்த இரவுகளில் காற்றாலை தரும் மின்சாரமும் சொற்பம்தான். இந்தப் பொருத்தத்தைப் பயன்படுத்தி, குறைந்த காற்றில் இறக்கைகள் சுழலாமல் நிறுத்திப் பார்த்தார்கள், 2008, 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். இரவுச் சாவு 44 முதல் 93 சதவீதம்வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தியில் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. பெரும்பாலான வௌவால் இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒரு கூட்டம் அழிந்தால் ஈடுசெய்ய எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் பாருங்கள்.

● ஸ்பெயினின் தெற்கே, தரிஃபாப் பக்கம், கழுகு வருவதைக் கண்காணிக்க ஆள் போட்டார்கள். ஆபத்தான திசையில் பறவை வந்தால் தகவல் போகும், குறிப்பிட்ட காற்றாலை மட்டும் நிற்கும். சாவு பாதியாகக் குறைந்தது. மின் இழப்பு 0.07 சதவீதம். மன்னாரில் இலங்கை மின்சார சபை 2020இல் தொடங்கிய 30 காற்றாலைகள் கொண்ட ‘தம்பபவனி’யில் இதே வேலைக்கு ராடர் வைத்திருக்கிறார்கள்.

● இனி நமது காற்றுக்கு வருவோம். சோளகம் வைகாசி தொடங்கி புரட்டாதிவரை விளாசும். மார்கழி, தையில் வாடை. இடையில் ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும் காற்று மந்தம். மத்திய ஆசியப் பறவைப் பாதை வழியே வெளிநாட்டுப் பறவைகள் பெரும் கூட்டமாக வந்திறங்குவதும் திரும்புவதும் ஏறத்தாழ இந்த மந்த மாதங்களில்தான்! இயற்கையே போட்டுத் தந்த அட்டவணை இது. அந்த வாரங்களில் விடியலிலும் மாலையிலும் காற்றாலையை நிறுத்துவதால் வருமானம் பெரிதாகக் குறையாது என்பது என் கணிப்பு. மார்கழி, தையில்தான் சிக்கல்: காற்றும் இருக்கும், பறவையும் இருக்கும். அங்கே ராடர் வேண்டும்.

● பூநாரை நின்ற இடத்தில் இருந்து எழும்பாது. தண்ணீரில் பல அடி ஓடி, சிறகை அடித்து, பிறகுதான் மேலேறும். கழுத்தையும் காலையும் நீட்டிப் பறக்கும் அந்த உடம்புக்குச் சட்டென்று திரும்ப வராது. அதனால் காற்றாலை இறக்கையைவிட மின்கம்பி பெரிய எமனாகலாம். கம்பியில் பளபளக்கும் தட்டுகளைத் தொங்கவிடுவது செலவு குறைந்த வழி. நிலத்தடியில் புதைப்பது செலவு கூடியது, ஆனால் உறுதியானது.

● நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய உதவியுடன் வரும் கலப்பு மின் திட்டத்தில் சூரிய ஒளியோடு காற்றும் உண்டு. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சிறிய காற்றாலைதான், ஆனாலும் எந்தக் கரையில் நடுவது என்பது சிறிய விசயம் இல்லை. பறவைகள் கூடும் சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. அதன் ஓரத்தில் ஒன்றையும் நடாமல் விடுவதற்கு ராடரும் வேண்டாம், மையும் வேண்டாம்.

● காற்றாலைக்குக் கீழே செத்துக் கிடப்பவற்றை எண்ணுவது தனி வேலை. நாயும் நரியும் காகமும் முந்திவிடும். புல்லுக்குள் கிடக்கும் வௌவால் மனிதக் கண்ணுக்குப் படாது. பிரித்தானிய ஆய்வு ஒன்றில் மோப்ப நாய்கள் 73 சதவீத வௌவால்களைக் கண்டுபிடித்தன. மனிதர்கள் கண்டது 20 சதவீதம்.