மஞ்சள் பூ ஒன்றுபோல, செடி வேறு வேறு

"அண்ணா, இது இன்னா செடின்னு பாத்து சொல்லுங்க" என்று அம்மையார்குப்பத்திலிருந்து நண்பர் ஒருவர் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். தறியும் ஓட்டுகிறார், ஒன்றரை ஏக்கரும் பார்க்கிறார். வண்டியில் வந்த நாற்றுக்காரரிடம் வேலியோரம் நட இருபது கன்று வாங்கியிருக்கிறார். இரண்டு வருஷத்தில் ஆளுயரம் வளர்ந்து பூத்துவிட்டது. படத்தில் மணி மாதிரி மஞ்சள் பூ, அவ்வளவுதான்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆடு மாடு தின்னாதது, ஒடித்தால் பால் வருவது, கசப்பது என்று பார்த்து இலைக் கரைசலுக்குத் தழை பறிப்பது நம் பழக்கம். "ஒடிச்சா பால் வருது, ஆடும் வாய் வைக்கல. பூச்சிவிரட்டிக்குப் போடலாமா?" என்றார். கத்தரிக்கும் கீரைக்கும் அடிக்கப் போகிறாராம். பூவின் படத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. மறுநாள் நேரிலேயே போனேன்.

வரிசையின் முதல் செடியில் ஒரு கிளையை ஒடித்தேன். பால் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நண்பர் முகத்தில் குழப்பம். "நேத்து வந்துச்சே!" ஆட்டுப் பட்டிக்குப் பக்கம் போனதும் விஷயம் புரிந்தது. அங்கிருந்த மூன்று செடிகளில் மட்டும் பால் வடிந்தது. ஒரே வரிசையில் இரண்டு வகைச் செடி கலந்திருந்தது.

பால் வராத பதினேழும் சொர்ணப்பட்டி. நாற்றுப் பண்ணைகளில் எல்லோ பெல்ஸ் என்பார்கள். தாவரவியல் பெயர் டெகோமா ஸ்டான்ஸ். அமெரிக்கக் கண்டத்துச் செடி, பஹாமாஸ் நாட்டின் தேசியப் பூ. இலைதான் அடையாளம். ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள், ஓரம் ரம்பப் பல்போல இருக்கும், வேப்பிலையை நினைவூட்டும். இலைகள் கிளையில் எதிரெதிராக இருக்கும். காய் நீளமாக, ஒல்லியாகத் தொங்கும். காய்ந்து வெடித்தால் இறக்கை வைத்த விதை காற்றில் பறக்கும். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது களையாகப் பரவியதற்கு அந்த விதைதான் காரணம். பூ முடிந்ததும் காய்களை வெட்டிவிடுவது நல்லது. முள் இல்லாத செடி என்பதால் ஆடு புகுவதைத் தடுக்காது. உயிர்வேலி வேண்டுமென்றால் என் ஓட்டு கிளுவைக்குத்தான்.

பால் வந்த மூன்றும் மஞ்சள் அரளி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. இலை தனித்தனியாக, ஒடுங்கி நீண்டு பளபளப்பாக, கிளையைச் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும். பூ முழுதாக விரியாமல் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கியிருக்கும். காய் கொழுக்கட்டை மாதிரி பச்சையாக இருந்து, பழுத்தால் கறுக்கும். உள்ளே கெட்டியான கொட்டை. பிள்ளைகள் விளையாட எடுப்பது இதைத்தான். செடி முழுக்க விஷம், கொட்டையில் அதிகம். அது இதயத் துடிப்பைக் குலைக்கும்.

அலமண்டா என்று இன்னொன்றும் உண்டு. அதிலும் பால் வரும், ஆனால் இலைகள் மூன்று நான்காக ஒரே கணுவில் வட்டமாக நிற்கும், காயில் முள் இருக்கும்.

பெயரை நம்பினால் இந்த எல்லைப் பக்கத்தில் இன்னும் சிக்கல். 1960 வரை திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேச்சு. மஞ்சள் அரளிக்குத் தெலுங்கில் பச்ச கன்னேரு என்று பெயர். அங்கே 'பச்ச' என்றால் மஞ்சளும்தான். தமிழ்க் காதுக்கு அது பச்சை நிறமாகக் கேட்கும்.

விரட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆடு தின்னவில்லை, பால் வருகிறது என்ற நம் கணக்குப்படி மஞ்சள் அரளி தேறிவிடும். கரைசலில் அரளி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் போடமாட்டேன். இரண்டு நாளில் பறித்துச் சமைக்கும் கீரை மேல் இதயத்தைத் தாக்கும் விஷத்தை ஏன் தெளிக்க வேண்டும்? நொச்சியும் ஆடாதொடையும் வேம்பும் அவர் வரப்பிலேயே இருக்கின்றன. பச்சையாக நிற்கும்போது ஆடு ஒதுக்கினாலும், வெட்டிப் போட்ட வாடல் தழை மற்ற தீவனத்தோடு கலந்துவிட்டால் அது பிரித்தறியாது. காய்ந்தாலும் விஷம் போகாது. ஆடு தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் 1962-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் காயை வாயில் வைத்திருந்தால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இலையோ காயோ ஒன்றைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

தெரியாத செடியை யாரிடமாவது கேட்பதானால், பூவோடு இலைக் கிளை, இலை காம்பில் சேரும் இடம், காய், ஒடித்த வெட்டு ஆகிய நான்கையும் தனித்தனியாகப் படமெடுங்கள். அதற்கும் விடை வராவிட்டால் பூ, காயுடன் ஒரு முழம் கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். தினமும் தாளை மாற்றினால் கறுக்காமல் காயும். ஊர், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், பால் உண்டா என்று எழுதி வையுங்கள். காய்ந்தபின் நிறம் போய்விடும். பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டலாம். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையம் இருக்கிறது. பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான்.

மூன்றையும் வேரோடு எடுத்துவிடலாம் என்றேன். நண்பரின் வீட்டம்மா ஒப்பவில்லை. "சிவனுக்குச் சாத்துற பூவாச்சே, எப்படிங்க வெட்றது?" கடைசியில் இரண்டைத் தோண்டி ஆழமாகப் புதைத்தோம். பட்டிக்குத் தள்ளியிருந்த ஒன்று மட்டும் நிற்கிறது. காய் பிடிக்கும்போதே பறித்துப் புதைப்பது அந்த அம்மாவின் பொறுப்பு.