சுருங்கி வரும் புதன்

“பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது” என்பது நம் முன்னோர் வாக்கு. புதன்கிழமையின் சிறப்பைக் கூறவே நாம் அதனை வழங்கி வருகிறோம். ஆயினும், வானிலுள்ள புதன் என்னும் கோளுக்கும் அப்பழமொழி நன்கு பொருந்தும். கதிரவனுக்கு மிக அருகில் சுற்றுவதால், விடியலுக்குச் சற்று முன்போ அந்தி சாய்ந்த பின் சிறிது நேரமோதான் அடிவானத்தை ஒட்டி அது தென்படும். எளிதில் காணக் கிடைக்காத அக்கோள், தோன்றிய நாள் முதல் சிறிது சிறிதாகச் சுருங்கி வந்துள்ளது! அங்குச் சென்று அளந்து பார்த்தவர் எவருமிலர். அவ்வாறிருக்க, விஞ்ஞானிகள் இதனை எங்ஙனம் அறிந்தனர்? அதனையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

புதனின் இயல்பு

கோள்களுள் மிகச் சிறியது புதன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 4,880 கிலோமீட்டர். கதிரவனை ஒருமுறை சுற்றி வர அதற்கு 88 நாள்களே போதும். பகலில் அங்கு வெப்பம் 430 பாகை செல்சியஸ் வரை ஏறும். இரவிலோ உறைநிலைக்குக் கீழே 180 பாகை வரை இறங்கும்.

புதனின் உள்ளமைப்பு வியப்பானது. மேற்பரப்பிலிருந்து நடுவிடம் வரை 2,440 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் இரும்பு மிகுந்த உட்கருவாகும். கொட்டை பெருத்து, சதை மெலிந்த மாம்பழத்தை எண்ணிப் பாருங்கள். புதனின் அமைப்பு உங்களுக்கு விளங்கிவிடும்.

நெடிய பாறைச் சுவர்கள்

1973ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏவிய மெரினர் 10 என்னும் விண்கலம், 1974, 1975ஆம் ஆண்டுகளில் மும்முறை புதனை அணுகிச் சென்று, அதன் மேற்பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியைப் படம் பிடித்தது. நிலவில் உள்ளவை போன்ற வட்டப் பள்ளங்கள் அப்படங்களில் நிறைந்திருந்தன. அவற்றினூடே, நிலத்தை வெட்டிச் செல்லும் நெடிய பாறைச் சுவர்களும் காணப்பட்டன. இத்தகைய செங்குத்தான சரிவை ஓங்கல் என்பர்.

புதனின் ஓங்கல்களுக்குக் கடலாய்வுக் கப்பல்களின் பெயர்களைச் சூட்டுவது மரபு. அவற்றுள் ஒன்று, கேப்டன் குக்கின் கப்பலான ‘டிஸ்கவரி’யின் பெயரைப் பெற்றது. அதன் நீளம் 500 கிலோமீட்டருக்கும் மிகுதி. ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு வரை ஒரே பாறைச் சுவர் நீண்டு கிடப்பதாகக் கொள்ளலாம்! அதன் உயரம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நம் தஹான் மலையின் உயரமோ 2,187 மீட்டர்.

தொலைவிலிருந்தே உயரத்தை எவ்வாறு அளந்தனர்? நிழலைக் கொண்டுதான். கதிரவன் சரிபாதி உயரத்தில், அதாவது 45 பாகையில் நிற்கும்போது, சமதரையில் விழும் கொடிக்கம்பத்தின் நிழலும் கம்பத்தின் உயரமும் ஒன்றாகவே இருக்கும். கதிரவனின் சாய்வு தெரிந்தால் நிழலிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். இதனை மாணவர்கள் பள்ளித் திடலிலேயே செய்து பார்க்கலாம்.

சுருங்கியது ஏன்?

மாட்டுவண்டிச் சக்கரத்திற்குப் பட்டை கட்டுவதைப் பெரியவர்கள் கண்டிருப்பர். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் மரச்சக்கரத்தின்மேல் மாட்டி நீரூற்றினால், பட்டை குளிர்ந்து சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். சூடு தணியின் இரும்பு சுருங்கும் என்பது கொல்லர் நன்கறிந்த உண்மையன்றோ?

புதனிலும் நிகழ்ந்தது இதுவே. தோன்றிய காலத்தில் அது மிகக் கொதிப்புற்றிருந்தது. மேலோடு முதலில் குளிர்ந்து கெட்டியாயிற்று. பின்னர் உட்பகுதி மெல்ல மெல்ல வெப்பத்தை இழந்து சுருங்கியது. உள்ளே இருந்தது சிறுத்துவிடவே, மேலோடு அதற்குப் பெரிதாகிவிட்டது. நாற்புறமும் நெருக்குண்ட பாறை சாய்வாகப் பிளந்தது. பிளவின் ஒருபுறம் மறுபுறத்தின்மேல் ஏறி நின்றது. அவ்வாறு ஏறி நின்ற பாறையின் விளிம்பே நாம் காணும் ஓங்கல்.

இதற்குச் சான்றும் உண்டு. டிஸ்கவரி ஓங்கல் ஒரு வட்டப் பள்ளத்தின் ஊடே செல்கிறது. நிலம் இழுபட்டிருந்தால் அப்பள்ளம் அகன்றிருக்கும், அதுவோ குறுகியிருக்கிறது. ஆகவே, நிலம் நெருக்கப்பட்டது என்பது தெளிவு. பள்ளத்தை ஓங்கல் வெட்டுவதால், பள்ளம் முந்தியது, ஓங்கல் பிந்தியது என்பதும் விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

மெசஞ்சர் என்னும் விண்கலம் 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றி வந்து, அதன் முழுப் பரப்பையும் படம் பிடித்தது. அப்படங்களில் கண்ட ஓங்கல்களையும் மேடுகளையும் கணக்கிட்டு, புதனின் ஆரம் 7 கிலோமீட்டர் வரை குறைந்துள்ளதென 2014இல் விஞ்ஞானிகள் கூறினர். அதனினும் குறைவென்று கூறுவோரும் உளர். ஆரம் 7 கிலோமீட்டர் குறைந்தால் சுற்றளவு எவ்வளவு குறையும்? 2 × 22/7 × 7 = 44 கிலோமீட்டர்! அந்த 44 கிலோமீட்டர்ப் பாறையே மடிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கிறது.

புவியும் புதனும்

நம் புவியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. புதனின் மேலோடோ ஒரே ஓடு. எனினும், நெருக்குண்ட பாறை ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது இரண்டிற்கும் பொது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் இத்தகைய பிளவே திடீரெனப் பெயர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை நம் பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்களைக் கவர்ந்ததை நாம் மறக்கவியலாது. பாறை எவ்வாறு பிளக்கிறது என்றறிவது வெறும் ஏட்டுக் கல்வியன்று. உயிர் காக்கும் கல்வியுமாகும்.

புதன் இன்னும் ஓயவில்லை. மெசஞ்சர் தன் இறுதி மாதங்களில் தாழப் பறந்து எடுத்த படங்களில், சில பத்து மீட்டர் உயரமே உள்ள சிற்றோங்கல்கள் காணப்பட்டன. விண்கற்கள் ஓயாது விழும் நிலத்தில் அத்தகைய சிறு மேடுகள் நெடுங்காலம் நிலைக்கமாட்டா. ஆகவே அவை அண்மையில் தோன்றியவை. புதன் இன்றும் சுருங்கி வருகிறது என 2016இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அண்மை என்பது கோள்களின் கணக்கில் சில கோடி ஆண்டுகள்!

மாணவமணிகளே! ஒரு நிழல், குறுகிய ஒரு பள்ளம், ஒரு பெருக்கல் கணக்கு ஆகிய இவற்றைக் கொண்டே கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோளின் வரலாற்றை மனிதன் படித்தறிந்தான். நீங்களும் கண்டதை உற்று நோக்குங்கள். ஏன் என்று வினவுங்கள். கணக்கைக் கருத்தூன்றிக் கல்லுங்கள். கிடைத்தற்கரிய புதனும் உங்கள் அறிவுக்கு எட்டும்.