காரத்தைத் தாங்கும் வண்ணம், பதத்தில் விழும் சுழி

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவந்துவிடுவதைப் பார்த்திருப்போம். மஞ்சளில் உள்ள குர்குமின், காரம் பட்டதும் நிறம் மாறும். வீட்டில் சோப்பு செய்யத் தொடங்குகிறவர்கள் வண்ணத்துக்காக முதலில் எடுப்பதும் பெரும்பாலும் மஞ்சள்தூளைத்தான். பளிச்சென்ற மஞ்சளை எதிர்பார்த்தால், சோப்புக் குழம்பு செங்கல் நிறத்துக்குப் போய், காய்ந்த கட்டி காவியும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் வந்து நிற்கும். அதுவும் அழகுதான். ஆனால் காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை வேண்டிய நிறத்தை வரவழைக்க முடியும்.

அடுப்பில் காய்ச்சாமல் செய்யும் குளிர்முறை சோப்பில், எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 18 கிராம் சோடா பிடிக்கும். ஆலிவ் எண்ணெய்க்கு 13.5 கிராம்தான். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும் என்பதால் கைக்கணக்குக்கு இங்கே இடமே இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

இந்தக் கடுங்காரத்தைத் தாண்டி வரும் நிறமே சோப்பில் மிஞ்சும். செம்பருத்தியும் பீட்ரூட்டும் பழுப்பாகிப்போகும். அவுரித் தூளின் நீலம் நிற்கும். மஞ்சிட்டி இளஞ்சிவப்புத் தரும். எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேம்பாளம் பட்டை. தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் அதன் சிவப்பை அறிவார்கள். அதே எண்ணெயில் காரம் சேர்ந்ததும் சிவப்பு மறைந்து ஊதாவும் நீலமுமாகிவிடும். கனிம நிறமிகளில் இரும்பு ஆக்சைடும் அல்ட்ராமரைன் நீலமும் காரத்துக்கு அசையாதவை. மைக்கா வாங்கும்போதுதான் கவனம் தேவை. மைக்கா என்பது மின்னும் கனிமச் செதில். அதன்மேல் பூசியிருக்கும் பொருள்தான் பெரும்பாலும் நிறம் தருகிறது. பிரஷ்யன் நீலம் பூசியதாக இருந்தால் காரத்தில் சிதைந்து பழுப்பாகிவிடும். சோப்புக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குவதும், சிறு அச்சில் ஒரு கட்டி செய்து பார்ப்பதும் நல்லது.

எண்ணெயின் சொந்த நிறத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆலிவ் எண்ணெய் கூடுதலாக உள்ள குழம்பு மஞ்சள் சாயலோடு இருக்கும். அதில் நீலம் போட்டால் பச்சை எட்டிப்பார்க்கும். டைட்டானியம் டை ஆக்சைடு கொஞ்சம் சேர்த்து வெளுக்க வைத்த பிறகுதான் நீலம் நீலமாகத் தெரியும். அரைக் கிலோ எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் மைக்கா போதும். அதையும் தூளாகத் தூவாமல், ஒரு கரண்டி எண்ணெயில் கட்டியில்லாமல் குழைத்துச் சேர்க்க வேண்டும்.

வண்ணம் தயாரான பிறகு, கட்டியில் நிறங்கள் வளைந்தோடும் சுழி வருமா வராதா என்பதைக் குழம்பின் பதம்தான் தீர்மானிக்கிறது. சோப்பு செய்கிறவர்கள் இதை ‘ட்ரேஸ்’ என்கிறார்கள். ஹேண்ட் பிளெண்டரை ஓரிரு நொடி ஓட்டி நிறுத்தி, கையால் கிளறிப் பாருங்கள். மேலே மிதந்த எண்ணெய்க் கோடுகள் மறைந்து, குழம்பு ஒரே நிறமாகி, கரண்டியிலிருந்து சொட்டும் துளி மேற்பரப்பில் லேசாகத் தடம் காட்டி உடனே அமிழ வேண்டும். நிறங்களைப் பிரித்துக் கலக்க வேண்டிய நேரம் இது. இதற்கு முன்னால் ஊற்றினால் எண்ணெய் பிரிந்துவிடும். தாமதித்தால் குழம்பு ஊற்ற வராமல் கட்டிகட்டியாக விழும்.

இளகின குழம்பில் இரண்டு நிறங்களை ஊற்றிக் குச்சியால் இழுத்தால், ஒவ்வோர் இழுப்பும் நிறப்பட்டையை நீட்டி மடிக்கிறது. குழம்பின் பிசுக்குத் தன்மையால் பட்டைகள் அடுக்காகவே நகர்கின்றன; ஒன்றில் ஒன்று கரைவதில்லை. ஆனால் மடிப்புகள் கூடக்கூடப் பட்டை மெலிந்து, ஒரு கட்டத்தில் கண்ணுக்குப் பிரியாமல் மந்தமான ஒற்றை நிறமாகிவிடும். பாத்திரத்திலேயே சுழிக்கும்போது இரண்டு சுற்றோடு கையை எடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். அச்சுக்குள் ஹேங்கர் கம்பியை இறக்கி மேலும் கீழுமாக இழுக்கும் முறையில் இறகு போன்ற கோடுகள் விழும். அந்தக் கம்பியும் அலுமினியமாக இருக்கக் கூடாது.

பதத்துக்கு எதிரிகள் உண்டு. கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய்கள் குழம்பைச் சட்டென இறுக்கிவிடும். பூ வாசனைத் திரவியங்கள் பலவும் அப்படியே. வனிலின் உள்ள வாசனை பதத்தைக் கெடுக்காவிட்டாலும் நாளடைவில் கட்டியைப் பழுப்பாக்கும். நுணுக்கமான சுழி வேண்டுமென்றால் தவிட்டெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்ற மெதுவாக இறுகுபவற்றைக் கூட்டி, கரைசலையும் எண்ணெயையும் 35 முதல் 40 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டுச் சேர்ப்பேன்.

சுழிக்குப் பழைய வரலாறும் உண்டு. பிரான்ஸின் மார்செய் நகரத்தில் காய்ச்சிய சோப்பில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து நீலக் கருமையான நரம்புகள் ஓடவிட்டார்கள். காற்றுப்பட்ட வெளிப்புறத்தில் இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து செம்பழுப்பாகும். தண்ணீர் மிகுந்த சோப்பில் நிறம் அடியில் இறங்கிவிடும், நரம்பு நிற்காது. எடை கூட்டத் தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அந்தக் கோலமே சாட்சியாக இருந்தது.

ஊற்றிய அச்சைத் துணியால் போர்த்தி வைத்தால் உள்சூடு ஏறிக் குழம்பு ஒளிபுகும் கூழ்போல் ஆகி, நிறங்கள் அடர்ந்து வரும். நடுவில் மட்டும் சூடேறி ஓரம் ஆறிவிட்டால் கட்டியின் நடுவே கருத்த வட்டம் விழும். சிறிய அச்சில் இது அடிக்கடி நேரும். மேலே படியும் வெண்பொடி, காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டாகும் சோடியம் கார்பனேட். நீராவி காட்டினால் போய்விடும்.

ஓரிரு நாளில் அறுத்து, 4 முதல் 6 வாரம் காற்றாட உலர்த்த வேண்டும். அறுக்கும் திசையையும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். மேலிருந்து அச்சின் நீளவாக்கில் போட்ட கோலம் குறுக்கே வெட்டினால் முழுதாகத் தெரியாது. அந்தக் கட்டியைப் படுக்கைவாட்டில், பலகை பலகையாக அறுக்க வேண்டும்.