மகரக்கட்டும் திரைப்படமும்



சில ஆண்டுகளுக்கு முன் மீன்பிடித் தொழில் செய்யும் தந்தையொருவர், தம் பதினொரு வயது மகனைக் கையிற் பிடித்தவண்ணம் என் அலுவலறைக்கு வந்தார். திருகோணமலையில் உட்துறைமுகத்துக்கு அணித்தாக உள்ள அரசினர் பாடசாலையொன்றின் அதிபர் நான். நிலாவெளிக் கரையில் படம் பிடிக்க வந்த குழுவினர் அப்பையனைக் கண்டு, தங்கள் கதைக்கு ஏற்ற பிள்ளை இவனே என்று கூறிவிட்டனராம். பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும். "ஐயா, நீங்கள் ஓமென்றால் விடுவன், இல்லையென்றால் இல்லை" என்றார் தந்தை. பையனோ நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஓர் இரவில் எண்ணத் தொடங்கியதும், பின்னர் படித்துத் தெளிந்ததுமே இன்றைய என் பேச்சின் பொருள்.

பிள்ளைகள் நடிப்புத் தொழிலுக்குப் போவது சினிமாவோடு பிறந்த வழக்கமன்று. 1918ஆம் ஆண்டில் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அதில் நடித்தவர்கள் எல்லோரும் சிறுவர்களே. பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற தி. க. சண்முகம், தம் தமையன்மாரோடு அச்சபையிற் சேர்ந்தபோது ஆறு வயதுக் குழந்தை. சபையே வீடு, சபையே பள்ளி. பாட்டும் வசனமும் பாடமாயின, பிரம்படியும் இல்லாமலில்லை. இவ்வாழ்க்கையைப் பொற்காலம் என்று பாராட்டுவோர் உளர். தாய் மடியிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளின் பொற்காலம் அது என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

அந்தச் சிறுவர்கள் அனைவரும் அஞ்சிய சொல் ஒன்று உண்டு. அதுதான் மகரக்கட்டு. ஆண்பிள்ளையின் குரல் உடைந்து தடிக்கும் பருவத்தை நம் நாடகக்காரர் அப்பெயரால் வழங்கினர். நேற்றுவரை மேல் ஸ்தாயியில் பாடிச் சபையைக் கட்டிப்போட்ட பிள்ளை, ஒரு நாட்காலை எழுந்து வாயைத் திறந்தால் குரல் இரண்டாகப் பிளந்து நிற்கும். பாடத் தெரிந்தவனுக்கே வேடம் என்றிருந்த காலத்தில் அவன் கதி என்ன? புதுக்கோட்டை பி. யு. சின்னப்பாவின் வரலாறு இதற்குச் சான்று. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பெயர்பெற்ற அவர், குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு நீங்கினார், சங்கீதத்தை முறையாகப் பயின்றார், சிலம்பமும் கற்றார். 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடத்தில் தோன்றியவர் அவரே.

இப்போது சினிமாவுக்கு வருவோம். 1960இல் ஏவிஎம் நிறுவனத்தார் வெளியிட்ட 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் நடித்த கமல்ஹாசனுக்கு அன்று வயது ஐந்து. அடுத்த மூன்றாண்டுகளில் மேலும் சில படங்கள். பிறகு? பிள்ளையும் அல்லாத, இளைஞனும் அல்லாத ஒருவனுக்கு எழுதிவைத்த பாத்திரம் திரையில் இல்லை. பாடசாலைக் கல்வியைத் தாம் முடிக்கவில்லை என்பதை அவரே பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கின்றார். அந்த இடைவெளியில் அவர் எங்கே சென்றார் என்பது கவனிக்கத்தக்கது. முன்பு கூறிய அதே சண்முகத்தின் நாடக சபையிற் சேர்ந்தார். பின்னர் நடன ஆசிரியர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்து, பிற நடிகர்கள் ஆடுவதற்கு அடியெடுத்துக் கொடுத்தார். 1973இல் 'அரங்கேற்றம்', 1975இல் 'அபூர்வ ராகங்கள்' என்று மீண்டும் அவர் முகம் திரையில் நிலைபெறப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர் ஒருவரே இந்தச் சினிமாப் பிள்ளைக்கு இடைக்கால நிழல் கொடுத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகின்றது.

ஆண்பிள்ளையைக் காத்திருக்க வைக்கும் இத்தொழில், பெண்பிள்ளையை விரட்டுகின்றது. 1963இல் பிறந்த ஸ்ரீதேவி, 1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் குழந்தை முருகனாகத் தோன்றினார். 1976இல் 'மூன்று முடிச்சு' வெளிவந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. ஆயினும் அப்படத்தில் அவர் ஏற்றது முதிர்ந்த பெண்ணின் பாத்திரம். ஒருவருக்குப் பத்தாண்டு வெற்றிடம். மற்றவருக்கு மூச்சுவிடவும் இடமில்லை. இவ்விரண்டில் எது கொடியது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதே என்பேன். என் பாடசாலையில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்து, இடைவேளையில் எட்டுக்கோடு விளையாடுகிறார்கள்.

இவ்விருவரையும் 1982இல் 'மூன்றாம் பிறை' என்னும் படத்தில் ஒன்றுசேர்த்தவர், நம் கிழக்கிலங்கையின் மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா. விபத்தினால் நினைவு பிறழ்ந்து குழந்தையாகிவிட்ட இளம்பெண்ணாக ஸ்ரீதேவி அதில் நடித்தார். மணலில் அளைந்து, நாய்க்குட்டியைக் கொஞ்சி, அடம்பிடித்து அழும் அக்காட்சிகளை நான் பல தடவை பார்த்திருக்கின்றேன். தமக்குக் கிடையாத பருவத்தை அவர் படப்பிடிப்பு நாட்களிற் கடனாகப் பெற்றுக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றும். இது ஆசிரியன் ஒருவனின் கற்பனையாகவும் இருக்கலாம்.

நாடகச் சிறுவனுக்கும் படச் சிறுவனுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லவேண்டும். நாடகத்தில் நடிப்பவன் இரவுதோறும் கதையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை வாழ்ந்து பார்க்கிறான்; தவறினால் மறுநாள் திருத்திக்கொள்கிறான். படத்திலோ, தாய் இறக்கும் காட்சியைக் காலையிலும், தாயோடு சிரிக்கும் காட்சியை மாலையிலும் எடுப்பார்கள். கண்ணீருக்குக் கிளிசரின் இருக்கிறது. குரலைக்கூடப் பலவேளைகளில் வேறொருவர், பெரும்பாலும் வயதுவந்த பெண்ணொருவர், பின்னாற் சேர்த்துவிடுகிறார். எனவே பிள்ளை நடிப்பைக் கற்கிறது என்பதைவிடப் பிள்ளையின் முகம் பயன்படுகிறது என்பதே பொருந்தும். 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் அப்பு என்னும் சிறுவனாக வந்து உலகையே ஈர்த்த சுபீர் பானர்ஜி, மீண்டும் நடிகராகத் தொடரவேயில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1921இல் சாப்ளினுடன் 'த கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், பிள்ளைப் பருவத்தில் மூன்று மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியவர் என்பர். வளர்ந்து கேட்டபோது பணம் இல்லை. 1938இல் தாயின்மீதும் தாயின் இரண்டாம் கணவர்மீதும் வழக்குத் தொடுத்து அவர் பெற்றது ஏறக்குறைய 126,000 டொலர் மட்டுமே. மறு ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் பிள்ளை நடிகரின் வருவாயைக் காக்கச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2017இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பிள்ளையை நாளொன்றுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் நடிக்கவைக்க முடியாது. தொடர்ந்து இருபத்தேழு நாட்களுக்கு மேல் வேலைவாங்கவும் கூடாது. வருவாயில் ஐந்திலொரு பங்கையேனும் பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பாக வங்கியில் இடவேண்டும். நம் நாட்டில் பதினாறு வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயமென 2016இல் விதிக்கப்பட்டது. இவற்றில் ஒன்றும் அறியாதவராகவே அந்தத் தந்தை என் முன் நின்றார்.

மறுநாள் விடுப்புக் கொடுத்தேன். தாய்மாமன் எந்நேரமும் உடனிருக்க வேண்டும், மாலைதோறும் கணிதப் பாடம் செய்யவேண்டும், கொடுக்கும் பணத்தைப் பையன் பெயரில் வங்கியிலிட வேண்டும் என்பன என் நிபந்தனைகள். முதலிரண்டும் நிறைவேறின. பணத்திற் பாதி, பழுதடைந்திருந்த வள்ளத்து இயந்திரத்துக்குப் போயிற்று. அதை நான் குறைகூறத் துணியவில்லை. அவ்வீட்டில் அடுப்பெரிவதே அந்த வள்ளத்தால்.

படம் திரைக்கு வர இரண்டாண்டுகள் சென்றன. அதற்குள் பையன் ஒரு முழம் வளர்ந்து, குரலும் உடைந்துவிட்டான். படத்தில் அவனுக்கு வழங்கிய பெயரையே கடைத்தெருவிற் சொல்லிக் கூப்பிட்டவர்கள், நேரிற் கண்டதும், "இவனோ அது?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்களாம். அதே குழுவினர் அடுத்த படத்துக்கு வேறொரு சின்னப் பையனைத் தெரிந்தெடுத்தனர். அக்காலத்தில் ஒருநாள் பாடசாலை விட்டபின் அவன் என்னிடம் சொன்னது இன்றும் என் செவியில் நிற்கின்றது. படத்திலிருப்பவன் தன் தம்பியைப் போலிருக்கிறானாம். எல்லோருக்கும் தம்பியைத்தான் பிடிக்கிறதாம்.

அவ்வாண்டு தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எங்கள் மாணவர் நாடகமொன்று பழகினர். அவன் தானாகவே வந்து பெயர் கொடுத்தான். கதாநாயகனாக நிற்பான் என்று எண்ணியிருந்தேன். அவன் கேட்டதோ கிழவன் வேடம். உடைந்த குரல் அதற்கு நன்றாகப் பொருந்துமென்றான். ஒத்திகை நாட்களில், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எல்லாருடைய வசனத்தையும் அவன் மனனம் செய்துவிட்டிருந்தான். பிறர் தடுமாறும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரலே அடியெடுத்துக் கொடுத்தது.