கெலானாங் கடற்கரைக்குப் போகுமுன் திதியைப் பாருங்கள்

பந்திங்கிலிருந்து மோரிப் போகும் வழியில், மோரிப்பை எட்டுவதற்கு முன்பே கடல் பக்கம் பிரியும் சாலையில் திரும்பினால் கெலானாங் கடற்கரை வரும். ஞாயிற்றுக்கிழமை மோரிப்பில் கார் நிறுத்த இடம் தேடிச் சலித்தவர்களுக்கு இது நல்ல மாற்று. வார நாட்களில் தூண்டில் போடுகிறவர்கள் சிலரைத் தவிர ஆள் நடமாட்டம் குறைவு. சவுக்கு மர நிழலில் பாயை விரித்தால் நேரம் போவதே தெரியாது.

ஆனால், நினைத்த நேரத்தில் போனால் அங்கே கடல் இருக்காது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அப்பாவின் அஸ்தியைக் கரைக்க, கூட்டமில்லாத இடமாக இருக்கட்டும் என்று கெலானாங் சென்றோம். அமாவாசைக்கு மறுநாள். வீட்டுச் சடங்குகளை முடித்துப் போய்ச் சேரும்போது நண்பகலாகிவிட்டது. கண்ணுக்கு எட்டிய வரை சேறு. அதற்கப்பால் மெல்லிய கோடு போலத் தண்ணீர். கலயத்தை ஏந்திக்கொண்டு என் அண்ணன் இறங்கி நடந்தார். நூறடி போவதற்குள் முழங்கால் வரை புதைந்துவிட்டது. கரையில் இருந்த மலாய்க்காரப் பாக்சிக் ஒருவர் கையசைத்து, "ஆயர் சூருட்! திரும்பி வாங்க!" என்று சத்தம் போட்டார். அண்ணன் ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மாலை நாலரை மணி வரை மர நிழலில் காத்திருந்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

சிலாங்கூர்க் கரை இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. கிள்ளான், லங்காட் ஆறுகள் வண்டல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மலாக்கா நீரிணையில் கிழக்குக் கரையைப் போல் பெரிய அலை கிடையாது. அதனால் அந்த வண்டல் அடித்துச் செல்லப்படாமல் கரையோரமே படிந்துவிடுகிறது. தெற்கு நோக்கிக் குறுகும் நீரிணைக்குள் கடல் நீர் நெருக்கித் தள்ளப்படுவதால் நீரேற்றமும் இங்கே அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போர்ட் கிள்ளானில் நீர்மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும். பினாங்கில் அதில் பாதிதான். தரையோ தட்டையானது. நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும்.

இதில் ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப் பகுதியில் வந்திறங்கின. மாதக்கணக்கில் திட்டமிட்ட படையின் வாகனங்களே சேற்றில் சிக்கிக்கொண்டன. எதிர்த்துச் சுட யாரும் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம். அந்தத் தரையிறக்கத்தின் நினைவுச் சின்னத்தை மோரிப் கடற்கரையில் இன்றும் பார்க்கலாம்.

நீர் ஏறும் நேரத்தைத் தெரிந்துகொள்ள, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி உதவும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இந்தக் கரையில் தண்ணீர் நிறைவது ஏறக்குறைய காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், வற்றுவது நண்பகலில். அதன்பின் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே அஷ்டமி, நவமி வரும்போது நண்பகலை ஒட்டித் தண்ணீர் ஏறியிருக்கும். ஆனால் அமாவாசை அளவுக்கு உயராது. இது உத்தேசக் கணக்குதான். சரியான நேரத்துக்கு, தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில் போர்ட் கிள்ளான் பக்கத்தைப் பாருங்கள். கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கிறது.

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பத்து மணிக்குப் போய்க்கொள்ளலாம் என்று சாவகாசமாகக் கிளம்பினால் தண்ணீர் பாதி தூரம் போயிருக்கும்.

வற்றிய நேரமும் வீண் இல்லை. சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீன்களைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து வரும் பறவைகள் இந்தக் கரையோரச் சேற்றில்தான் இரை தேடுகின்றன. கரையில் நின்றே பார்க்கலாம். சேற்றில் இறங்க வேண்டாம். மீண்டும் ஏறும்போது முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் மெதுவாக வரும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் வேகம் பிடிக்கும். தட்டையான தரையில் அது பின்பக்கப் பள்ளங்களை முதலில் நிரப்பி, திரும்பும் வழியை மறித்துவிடும். கால் புதைந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, உடல் பாரத்தைப் பரப்பி, காலை லேசாக அசைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

பூஜைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அலை குறைவு என்பதால் போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும். பழி நம் எல்லோர் மேலும் விழும்.

கடந்த ஆடி அமாவாசைக்கு விடியற்காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் கெலானாங்கில் இருந்தோம். தண்ணீர் மரங்களுக்கு அருகில் வரை வந்திருந்தது. கணுக்கால் நனைய நின்று அம்மா எள்ளும் நீரும் விட்டார். ஏழரை மணிக்குப் பந்திங்கில் பசியாறிக்கொண்டிருந்தோம்.