மாற்று எஞ்சினுக்கு ஆரஞ்சு அடிக்கலாமா?

பழைய அமெரிக்க ஷெவர்லே காரின் பானெட்டைத் தூக்கினால் பளிச்சென்று தெரிவது ஆரஞ்சு நிறம். 1955இல் வந்த ‘ஸ்மால் பிளாக்’ வி-8 எஞ்சின் முதல், 1970களின் பிற்பகுதியில் நீலத்துக்கு மாறும்வரை, அந்த நிறுவனத்தின் பெரும்பாலான வி-8களுக்கு அதுதான் நிறம். அப்படியொரு காரைப் புதுப்பிக்கும்போது சொந்த பிளாக் விரிசல் விட்டுப்போய், வேறொன்றைத் தேடிப் பொருத்துகிறார்கள். வந்த பிளாக்குக்கும் ஆரஞ்சு அடிப்பது ஏமாற்று வேலையா?

அடிக்காமல் விட முடியாது. பிளாக் வார்ப்பிரும்பு; ஈரக்காற்று பட்டாலே துரு ஏறும். பெயிண்ட் அடித்தால் எஞ்சின் சூடாகும் என்பது வீண் பயம். பிளாக்கின் சூட்டை வாங்கிக்கொண்டு போவது உள்ளே ஓடும் தண்ணீர். வெளியே இருக்கும் மெல்லிய படலம் அதைத் தடுப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகப் போக்கிவிட்டு, கேஸ்கெட் உட்காரும் பரப்பு, பேரிங் துளைகள், எர்த் ஒயர் முறுக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் மறைத்துக்கொண்டு அடிக்க வேண்டும்.

எப்படி அடிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொழிற்சாலையில் எஞ்சினைப் பெரும்பாலும் பூட்டி முடித்த பிறகே ஸ்ப்ரே செய்தார்கள். கேஸ்கெட் ஓரங்களிலும் போல்ட் தலைகளிலும் ஆரஞ்சு படிந்தது. புகை வெளியேறும் மேனிஃபோல்டிலும் கொஞ்சம் தெறித்தது. வண்டி ஓட ஆரம்பித்ததும் அது கருகி உதிர்ந்தது. இன்று ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி, கல்யாணப் பாத்திரம் மாதிரி மினுக்குகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கார் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நடுவர்கள் தேடுவது, தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்தை.

பொய் நுழையும் இடம் வேறு. வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சின்னத் தட்டைப் பரப்பு உண்டு. எஞ்சின் எண்ணை அங்கேதான் குத்துவார்கள். 1960களிலிருந்து கார் எண்ணின் ஒரு பகுதியும் அங்கே சேர்ந்தது. அதைத் தேய்த்துவிட்டுப் புதிய எண் குத்தினால்தான் மோசடி. அப்படிச் செய்தாலும் பிளாக்கில் வார்த்திருக்கும் தேதி காட்டிக்கொடுக்கலாம்: முதல் எழுத்து மாதம், ‘ஏ’ என்றால் ஜனவரி. உத்தரவாதக் காலத்தில் நிறுவனமே மாற்றிக்கொடுத்த சில பிளாக்குகளில் ‘சி.இ.’ என்ற முத்திரை இருக்கும். அந்த முத்திரையை அப்படியே விட்டு, மற்ற இடமெல்லாம் தாராளமாக ஆரஞ்சு அடிக்கலாம். விற்கும்போது வாங்குபவரிடம் அதைக் காட்டிவிட வேண்டும்.