பன்னீர் திராட்சையை எந்தப் பெயரில் தேடுவது?

உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்த மாணவிக்கு அடிச்சாம்பல் நோய் புதிதல்ல. மழைக்காலத்தில் இலையின் மேல்பக்கம் மஞ்சள் திட்டு விழும். புரட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. அதையே இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொண்டு இணையத்தில் தேடினால், பூச்சிமருந்து விளம்பரங்களும் காணொளிகளும் முந்திக்கொள்கின்றன. தப்பித்தவறி ஓர் ஆய்விதழ் கண்ணில் பட்டாலும் சுருக்கத்தோடு சரி. முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறது. பலர் இங்கேயே தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை.

சந்தா யார் கட்டுவது?

ஆய்விதழ்களுக்குப் பெரும்பாலும் சந்தா கட்டுவது நூலகங்கள்தான். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'என்-லிஸ்ட்' திட்டம் 2010இல் வந்தது. உறுப்பினரான கல்லூரிகளுக்கு 6,000-க்கும் மேற்பட்ட மின்னிதழ்களைத் திறந்துவிட்ட திட்டம் அது. அடுத்து, 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது இது.

உங்கள் கல்லூரி எதில் சேர்ந்திருக்கிறது என்பதை நூலகரிடம் கேளுங்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அவர் வழியாகத்தான் பெற வேண்டும். என்-லிஸ்ட் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்து கைபேசியிலும் படிக்கலாம்.

எந்தச் சொல்லை இடுவது?

தேடலின் பாதி வேலை இதுதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஆய்விதழ்களில் அந்த ரகம் 'மஸ்கட் ஹாம்பர்க்'. அடிச்சாம்பல் நோய்க்கு அங்கே 'டௌனி மில்டியூ' என்று பெயர். நோய்க் கிருமி 'பிளாஸ்மோபாரா விட்டிகோலா'. இந்தப் பெயர்களை ஆங்கிலத்தில், இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அந்தச் சொற்கள் சேர்ந்து வரும் கட்டுரைகளே மேலே வரும்.

வரலாறு படிப்பவருக்கும் இதே கதைதான். 'முல்லைப் பெரியாறு' என்று தேடினால் அண்மைக் கால வழக்குகள் குவியும். 1895இல் முடிந்த அணைக் கட்டுமானத்தைப் பற்றி அறிய, ஆங்கிலேயர் கால ஆவணங்கள் சொல்லும் 'பெரியார் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் தேட வேண்டும்.

கிடைத்ததும் சுருக்கத்தைப் படியுங்கள். பொருந்தினால் நேரே கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலுக்குப் போங்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அடுத்த பத்துக்கு அதுவே வழி சொல்லும்.

காசில்லாமல் கிடைப்பவை

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா' தளம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளும் அதில் உண்டு. வேளாண் ஆய்வேடுகளுக்குக் 'க்ரிஷிகோஷ்'. கட்டணமின்றிப் படிக்கும் இதழ்களின் பட்டியல் 'டிஓஏஜே'யில் உள்ளது. அப்படியும் அகப்படாவிட்டால், சுருக்கத்தோடு இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதி, கட்டுரையாளரிடமே ஒரு படி கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தம் கட்டுரையை வாசிக்க ஒருவர் கேட்பது ஆய்வாளருக்கு மகிழ்ச்சியே.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. கம்பம் பள்ளத்தாக்கில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளுக்குத் தேடும் முறையை வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. அவர்களின் நேரத்தை மிச்சப்படுத்த, எல்லாக் கல்லூரிகளும் முதலாண்டிலேயே நூலகத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்க வேண்டும். மாணவர்களே, ப்ராஜெக்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே நூலகரைப் பார்த்துக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குங்கள்.